பல பயிர், பல மரம்: தாவரப் பன்மை பற்றி உழவர்களும் மரம் வளர்ப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயலிலும் தோப்பிலும் பலவகைப் பயிர்களையும் மரங்களையும் சேர்த்து வளர்ப்பதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. பெரும்பாலான பதில்கள் தமிழ்நாட்டு நிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேறு நாடுகளில் நடந்தவற்றுள் நமக்குப் பாடமாக அமைபவை மட்டும் இடையிடையே வருகின்றன.

தாவரப் பன்மை என்று எதைச் சொல்கிறீர்கள்? நான்கு பயிர் போட்டாலே பன்மை ஆகிவிடுமா?

ஆகிவிடாது. ஒரு நிலத்தில் சோளம், கம்பு, மக்காச்சோளம் மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டால் கணக்கில் மூன்று பயிர். ஆனால் மூன்றும் புல் குடும்பத்தவை. மூன்றின் வேரும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் பரவும், மூன்றும் மண்ணிலிருந்து தழைச்சத்தையே (நைட்ரஜன்) பெரிதும் எதிர்பார்க்கும், மக்காச்சோளத்தைத் தின்ன வரும் படைப்புழு மற்ற இரண்டையும் விட்டுவைக்காது. அதே நிலத்தில் சோளத்தோடு துவரையும் ஓரத்தில் ஆமணக்கும் நின்றால், குடும்பம் வேறு, வேரின் ஆழம் வேறு, அறுவடைக் காலம் வேறு, தாக்கும் பூச்சியும் பெரும்பாலும் வேறு. எத்தனை என்பதைவிட எவ்வளவு வேறுபட்டவை என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

பன்மையை மூன்று வகையில் கொண்டுவரலாம். வெவ்வேறு தாவர இனங்களைச் சேர்த்து வளர்ப்பது ஒன்று. ஒரே இனத்துக்குள் பல வகைகளை, எடுத்துக்காட்டாக ஒரே ஊரில் ஐந்தாறு நெல் வகைகளைப் பயிரிடுவது மற்றொன்று. ஒரே நிலத்தில் பட்டத்துக்குப் பட்டம், அதாவது விதைப்புப் பருவந்தோறும், பயிரை மாற்றுவது மூன்றாவது. மூன்றாவதைப் பன்மையாகப் பலர் கருதுவதில்லை. ஆனால் சிறு நிலம் உள்ளவர்களுக்குச் செலவில்லாமல் கைகூடுவது அதுதான்.

ஒரே பயிரைப் பரந்த அளவில் போடுவதில் அப்படி என்ன ஆபத்து?

இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை மலைநாடு முழுவதும் காடு வெட்டப்பட்டுக் காப்பித் தோட்டங்களாக மாறியது. சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்து மன்னார் வழியாக நடந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வேலை செய்துவிட்டுப் பெரும்பாலும் ஊர் திரும்புவார்கள். 1869-இல் அங்கே காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத்தூள் தோன்றியது. இலைத் துரு நோய் எனப்படும் அந்தப் பூஞ்சை நோய், இடைவெளியே இல்லாமல் மலைக்கு மலை தொடர்ந்து நின்ற காப்பிச் செடிகளின் மீது காற்றோடு பரவி, இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே அழித்தது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி அந்த நோயை ஆராய்ந்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்டு. ஒரே செடியைத் தடையின்றிப் பரப்பி நட்டதே நோய்க்கு வழி அமைத்துத் தந்தது என்பது அவருடைய ஆய்விலிருந்து கிடைத்த நிலையான பாடம். காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்ததால், வந்துபோய்க்கொண்டிருந்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நிலையாகத் தங்க நேர்ந்தது. மலையகத் தமிழரின் வாழ்க்கை இன்றைய வடிவத்தை எடுத்ததில் ஒரு பூஞ்சைக்கும் ஒற்றைப் பயிர் முறைக்கும் பங்கு உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1845-இல் தொடங்கிய அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்ததற்கும் இதே வகையான காரணம் உண்டு. ஏழைகள் ஒரே வகைக் கிழங்கை நம்பியிருந்தார்கள். கிழங்கிலிருந்தே கிழங்கு முளைப்பதால் நாட்டிலிருந்த அந்த வகைச் செடிகள் அனைத்தும் ஒரே செடியின் நகல்களாக இருந்தன. 1970-இல் அமெரிக்காவில் பயிரான மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு, வீரிய ஒட்டு விதை உற்பத்திக்காகக் கையாளப்பட்ட ஒரே ஆண் மலட்டுத் தன்மையைச் சுமந்திருந்தது. அந்தத் தன்மையோடு நோய் தாங்காமையும் ஒட்டிவந்ததால், இலைக்கருகல் நோய் பரவி அந்த ஆண்டு நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு இழப்பானது. அந்த விதைகள் வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்டவை. பெயர் பலவாக இருந்தாலும் உள்ளே ஒன்றாகவே இருக்கலாம் என்பதை விதை வாங்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

கலந்து போட்டால் ஒவ்வொரு பயிரின் விளைச்சலும் குறையுமே?

குறையும். அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஆனால் கணக்கை ஒரு பயிரை வைத்துப் போடாமல் நிலத்தை வைத்துப் போட வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் மானாவாரி நிலக்கடலையோடு துவரையும், ஓரங்களில் ஆமணக்கும் தட்டைப்பயறும் போடுவது பழைய வழக்கம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: கடலை மட்டும் போட்டால் ஏக்கருக்கு 800 கிலோ, துவரை மட்டும் போட்டால் 400 கிலோ. இரண்டையும் சேர்த்துப் போட்ட ஏக்கரில் கடலை 680 கிலோவும் துவரை 180 கிலோவும் கிடைத்தால், தனிக்கடலை விளைச்சலில் 0.85 பங்கும் தனித்துவரை விளைச்சலில் 0.45 பங்கும் ஒரே ஏக்கரில் வந்துவிட்டன. கூட்டினால் 1.30. அதாவது இந்த இரண்டையும் தனித்தனியே விளைவிக்க 1.30 ஏக்கர் தேவைப்பட்டிருக்கும். ஆய்வாளர்கள் இதை நிலச் சமன் விகிதம் என்கிறார்கள். உலகெங்கும் நடந்த ஊடுபயிர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த சராசரி 1.2 முதல் 1.3 வரை.

இந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்றால், இரண்டு பயிரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைக் கேட்பதில்லை என்பதிலிருந்து வருகிறது. கடலை மேல்மண்ணில் வேர் விட்டு மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அதுவரை மெதுவாக வளரும் துவரை, கடலையைப் பிடுங்கிய பிறகு கிடைக்கும் வெளிச்சத்தையும் இடத்தையும் எடுத்துக்கொண்டு, ஆழத்தில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு தை மாதம் வரை நின்று காய்க்கும். இடையில் மழை பொய்த்துக் கடலை கைவிட்டாலும் துவரை கொஞ்சமாவது கொடுக்கும். தினை அறுத்த தாளில் அவரைக் கொடி படர்ந்து பூப்பதைச் சங்கப் புலவர்கள் பாடியிருப்பதால், குறிஞ்சி நிலத்து உழவர்களுக்கு இந்தக் கணக்கு அப்போதே தெரிந்திருந்தது என்றே கொள்ளலாம்.

பயறு வகைகளைச் சேர்த்தால் பக்கத்துப் பயிருக்கு உரம் போட வேண்டியதில்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்படிக் கிடைத்த சத்தின் பெரும்பகுதியைப் பயறுச் செடியே தன் வளர்ச்சிக்கும் மணிகளுக்கும் எடுத்துக்கொள்கிறது. அருகிலுள்ள பயிருக்கு அந்தப் பட்டத்திலேயே போய்ச் சேர்வது சிறிதளவுதான். அடுத்த பயிருக்குக் கிடைப்பது, பயறின் வேரும் உதிர்ந்த இலையும் மண்ணில் மக்கும்போதுதான். கடலைக் கொடியை வேரோடு பிடுங்கி மாட்டுத் தீவனத்துக்குக் கொண்டுபோய்விட்டு, மண்ணுக்கு உரம் சேர்ந்துவிட்டது என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த மாட்டின் எருவாவது அதே வயலுக்குத் திரும்ப வேண்டும்.

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடும் வழக்கம் இதில் மிகச் சிறந்தது. தனி உழவு இல்லை, தனிப் பாசனம் இல்லை; நெல் வயலில் எஞ்சிய ஈரமும் பனியுமே போதும். நெல்லுக்குப் பின் தரிசாகக் கிடக்கும் நிலம் இரண்டரை மாதத்தில் ஒரு பருப்பு விளைச்சலைத் தந்துவிடுகிறது.

பூச்சியும் நோயும் குறையும் என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் 1998, 1999 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான எக்டேரில் ஒரு சோதனை நடந்தது. அங்கே நல்ல விலை போகும் பசைநெல் (வெந்தால் ஒட்டும் அரிசி தருவது), குலைநோய் என்னும் பூஞ்சை நோயைத் தாங்காது. நோய் தாங்கும் வீரிய நெல்லின் சில வரிசைகளுக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் அந்தப் பசைநெல்லை இடையில் நட்டார்கள். தனியாகப் பயிரிட்டபோது வந்த நோயைவிட 94 விழுக்காடு குறைவாகவே பசைநெல்லில் நோய் கண்டது. அதன் விளைச்சல் 89 விழுக்காடு கூடியது. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த நோய்க்கு மருந்து தெளிப்பதையே உழவர்கள் நிறுத்திவிட்டார்கள். புதிய இனமோ புதிய மருந்தோ எதுவும் அங்கே நுழையவில்லை. நடவு வரிசையின் அமைப்பு மட்டுமே மாறியது. பூஞ்சை வித்துகள் அடுத்த பசைநெல் செடியை அடைவதற்குள் நோய் தாங்கும் செடிகளின் மேல் விழுந்து வீணாயின. உயரமான பசைநெல், குட்டையான நெல்லுக்கு மேலே காற்றோட்டமாக நின்றதால் அதன் இலை ஈரமும் விரைவில் காய்ந்தது.

நம் பக்கத்தில் இதே எண்ணம் பல வடிவங்களில் இருக்கிறது. தக்காளியில் பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி மல்லியில் முட்டையிடும்; தக்காளி பூக்கும் நேரத்தில் மல்லியும் பூத்திருக்க வேண்டும் என்பதால், மல்லி நாற்று தக்காளி நாற்றைவிட இரண்டு மூன்று வாரம் மூத்ததாக இருக்க வேண்டும். கடலையைச் சுற்றி ஆமணக்கு நட்டால் புரொடீனியா புழு முதலில் ஆமணக்கு இலையில் கூட்டமாகத் தெரியும். அந்த இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். நெல் வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும் நிற்பது, பூச்சிகளைத் தின்னும் பூச்சிகளுக்குத் தேனும் மகரந்தமும் தங்குமிடமும் கொடுப்பதற்காக. 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தை அழித்தபோது வேளாண் பல்கலைக்கழகம் தந்த பரிந்துரைகளிலும் உளுந்து, பாசிப்பயறு ஊடுபயிரும், தட்டைப்பயறு, எள் வரப்புப் பயிரும் இடம்பெற்றன.

இருந்தாலும் எல்லை ஒன்று உண்டு. 2008-இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, தேக்கு என்று கண்டதையெல்லாம் பிடித்தது. அப்படிப் பலவற்றைத் தின்னும் அயல்நாட்டுப் பூச்சிக்குக் கலப்புப் பயிர் அரணாக இருக்க முடியவில்லை. அதன் சொந்த மண்டலத்திலிருந்த ஒட்டுண்ணிக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து 2010-இல் விட்ட பிறகுதான் அது அடங்கியது. ஆனால் அந்தக் குளவியும் உயிர் வாழத் தேனைத் தேடுவது. வரப்பில் பூச்செடி இல்லாமல், வாரம் ஒரு மருந்து அடிக்கும் நிலத்தில் எந்தக் குளவியும் நிலைக்காது.

மரங்களைக் கலந்து நட்டால் தனித்து நட்டதைவிட நன்றாக வளருமா?

பெரும்பாலும் ஆம், ஆனால் இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில் மலைச்சரிவுகளில் ஒரே இனம் முதல் 16 இனங்கள் வரை வெவ்வேறு கலப்பில் மரம் நட்டு அளந்தார்கள். எட்டு ஆண்டுகள் கழிந்தபோது, 16 இனங்கள் கலந்த பரப்புகள் தனியினப் பரப்புகளின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் கரிமத்தை (கார்பன்) சேர்த்திருந்தன. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: வணிகத்துக்காக வழக்கமாக நடப்படும் இரண்டு மரங்களின் தனித்தோப்புகள், அந்தக் கலப்புக் காட்டுக்குச் சமமாகவே கரிமம் சேர்த்திருந்தன. ஆகவே கலப்பு எப்போதும் சிறந்த தனி மரத்தை வெல்லும் என்று சொல்ல முடியாது. எந்த மரம் அந்த மண்ணில் வெல்லும் என்பது நடும் நாளில் தெரியாதபோது, கலப்பு அந்தச் சூதாட்டத்தைத் தவிர்க்கிறது. அதோடு நோயும் வறட்சியும் வரும் ஆண்டில் எல்லாம் ஒன்றாகப் போகாமல் காக்கிறது. 44 நாடுகளின் காட்டுக் கணக்கெடுப்புகளைச் சேர்த்து 2016-இல் வெளியான ஆய்வு, மர இனங்களில் பத்து விழுக்காடு குறைந்தால் காட்டின் விளைதிறன் சுமார் மூன்று விழுக்காடு குறையும் என்று கணக்கிட்டது.

ஜெர்மனி இதற்குப் பெரும் விலை கொடுத்தது. விரைவில் வளர்ந்து நேராக மரம் தருகிறது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தாழ்நிலங்களிலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையே நட்டார்கள். 2018 முதல் தொடர்ந்து வந்த வறட்சியில் மரங்கள் பிசின் சுரக்க முடியாமல் நலிந்தன. பட்டை வண்டுகள் புகுந்தன. ஹார்ஸ் மலைத்தொடரில் மலை மலையாகக் காடு காய்ந்து நின்றது.

அப்படியானால் சவுக்கும் தைலமரமும் நடுவது தவறா?

தவறு என்று சொல்வது உழவருக்கு நியாயம் செய்வதாகாது. சவுக்கு மூன்று நான்கு ஆண்டில் பணம் தரும்; கடலோர மணலில் தாக்குப்பிடிக்கும்; அதன் வேரில் வாழும் ஃபிரான்கியா என்னும் நுண்ணுயிர் தழைச்சத்தையும் சேர்க்கும். கவலை தர வேண்டியது, ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே மரத்தின் ஒரே நகல் கன்றுகளால் நிரம்புவதுதான். 2000-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்குள் வந்த ஒரு நுண்ணிய குளவி, தைலமரத்தின் இலைக்காம்பிலும் நடு நரம்பிலும் முட்டையிட்டு முடிச்சு முடிச்சாக வீங்க வைத்தது. நாற்றங்கால்களும் இளந்தோப்புகளும் பெரிதும் கெட்டன. சில நகல் வகைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டபோது வேறு சில தப்பின. சவுக்கு நட விரும்புபவர்கள் ஒரே நகலை வாங்காமல் மூன்று நான்கு வகைக் கன்றுகளைக் கலந்து கேட்பதும், தோப்பைச் சுற்றி வேம்பு, புங்கன், பூவரசு, மலைவேம்பு என்று ஓரிரு வரிசை விடுவதும், முதல் ஆண்டில் இடையில் கடலையோ உளுந்தோ போடுவதும் எளிதில் செய்யக்கூடியவை.

சந்தனம் மட்டும் நட்டேன், கன்று காய்கிறது, ஏன்?

சந்தனம் தனியாக வாழும் மரம் அன்று. அதன் இலை தானே உணவு தயாரித்தாலும், நீரையும் தாதுச் சத்துகளையும் பெரிதும் பிற செடிகளின் வேர்களில் தன் உறிஞ்சு வேர்களைப் பொருத்தியே எடுத்துக்கொள்கிறது. எனவே துணைச்செடி இல்லாத சந்தனம் மஞ்சளித்து நின்றுவிடும். நாற்றங்கால் பையிலேயே பொன்னாங்கண்ணி வகைச் செடி ஒன்று கூட இருக்க வேண்டும். நட்ட முதல் ஓரிரு ஆண்டுகளுக்குத் துவரை நல்ல துணை. அதன் பிறகு சவுக்கு, புங்கன், மலைவேம்பு போன்ற நீண்டகாலத் துணைமரம் அருகில் வேண்டும். துணைமரம் சந்தனத்தை மூடி நிழல் கட்டிவிடாமல் கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும். கலப்பு என்பது ஒரு மரத்துக்கு வசதியாக இல்லாமல் உயிர்த் தேவையாகவே இருப்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை. வெட்டுவதற்கும் விற்பதற்கும் வனத்துறை விதிகள் உள்ளன. நடுவதற்கு முன்பே அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீர் குறைந்த மேட்டு நிலத்தில் பன்மை சாத்தியமா?

கொங்கு நாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வியே எழாது. காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர் பக்கங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழைதான். அங்கே மேய்ச்சல் நிலத்தை மூன்று அடுக்காக அமைத்து வைத்திருக்கிறார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். அதனூடே நரிப்பயறு போன்ற கொடிப்பயறுகள். சுற்றிலும் கிளுவைக் குச்சிகளை நட்டு வளர்த்த உயிர்வேலி. மேலே ஆங்காங்கே வெள்வேல மரம். மழைக்குப் பின் புல்லில் மாடு மேயும். புல் காய்ந்த பிறகும் காய்ந்த புல்லாகவே நின்று உதவும். கோடையில் தரையில் எதுவும் இல்லாதபோது வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். வேலியின் கிளுவைத் தழையை வெள்ளாட்டுக்குக் கழித்துப் போடலாம். வேலியிருப்பதால் மேய்ப்பதற்கு ஆள் தேவையில்லை. ஒரு காட்டில் மேய்ந்து தீர்ந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கம்போ விதைத்து, பிறகு மீண்டும் புல்லுக்கு விடுவதும் உண்டு.

காங்கேயம் மாடும் மயிலம்பாடி ஆடும் இந்த அமைப்பைச் சார்ந்தே நிலைத்திருக்கின்றன. கிளுவைக்குப் பதில் கம்பிவேலி போட்டவர்கள் தழையையும், காற்றுத் தடுப்பையும், பறவைக்கும் ஓணானுக்கும் பாம்புக்கும் இருந்த இடத்தையும் இழந்தார்கள். வெள்வேல மரத்தை விறகுக்கு விற்றவர்கள் கோடைத் தீனியை விலைக்கு வாங்குகிறார்கள். எந்தத் திட்டமும் இல்லாமல் உழவர்களே தலைமுறைகளாகக் கட்டிக்காத்த இந்த அறிவு, வீட்டுமனைகளுக்கு இடையில் சுருங்கி வருவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

தென்னந்தோப்பில் வேறு எதை நடுவது? தென்னை ஒன்றே போதாதா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் சென்றவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ஒரே இரவில் தோப்புகள் படுத்துவிட்டன. நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு. நெட்டைத் தென்னையை மறுபடி நட்டால் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். அதுவரை குடும்பத்துக்கு என்ன வருமானம் என்பதுதான் அங்கே எல்லா வீட்டிலும் எழுந்த கேள்வி. கலப்பு இருந்திருந்தால் மரம் சாய்ந்திருக்காது என்று சொல்ல முடியாது. அந்தக் காற்றுக்குப் பலாவும் மாவும்கூடச் சாய்ந்தன. ஆனால் அடியில் வாழையோ காய்கறியோ கிழங்கோ போட்டுப் பழகிய நிலம், ஆறு மாதத்தில் மீண்டும் காசு தரத் தொடங்கும்.

வளர்ந்த தென்னைகளுக்கு இடையே வெளிச்சத்தின் நல்ல பங்கு தரைக்கு வருகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தண்ணீர் உள்ளவர்கள் சாதிக்காயும் கொக்கோவும் மிளகும் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தவர்கள் அவற்றைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். சேனை, தீவனப்புல், ஓரத்தில் கிளைரிசிடியா போதும். கிளைரிசிடியா தழையை வெட்டித் தென்னையடியில் மூடாக்காகப் போட்டால் ஈரமும் தழைச்சத்தும் சேர்ந்து கிடைக்கும்.

நிறைய மரம் நட்டாலே பன்மை பெருகும் அல்லவா?

இடத்தைப் பொறுத்தது. நீலகிரியில் மலையிடுக்குகளில் சோலையும், சரிவுகளில் புல்வெளியும் இயற்கையாக அமைந்தவை. புல்வெளியைக் காலி நிலம் என்று கருதிய ஆங்கிலேயர் காலத்தவர்கள் விறகுக்காகத் தைலமரத்தையும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தார்கள். பின்னர் அவை பெருந்தோட்டங்களாயின. மரம் கூடியது, பன்மை குறைந்தது. வரையாடு மேய்வதும் நீலக்குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். இராமநாதபுரத்தில் சீமைக் கருவேலம் பரவியதும் பசுமைதான். ஆனால் அதன் அடியில் வேறெதுவும் எளிதில் முளைப்பதில்லை. புல்வெளி, முட்புதர்க்காடு, கழிவெளி (கடலோரச் சதுப்பு) இவற்றில் மரம் நடும் ஆர்வத்தைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள்.

குறுங்காடு என்ற பெயரில் நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையைப் பற்றியும் இதே பதில்தான். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த அந்த முறை, நகரத்தில் சில சென்ட் இடத்துக்குப் பொருந்தும்; எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. சோழமண்டலக் கடற்கரையின் இயற்கைக் காடு உயரம் குறைந்தது; காசா, வீரை, உலக்கைப்பாலை போன்ற மெதுவாக வளரும் மரங்களால் ஆனது. அதன் எச்சங்களைக் கோயில் காடுகளில் இன்றும் காணலாம். ஆரோவில்லில் 1968-க்குப் பின் அரித்துப்போன செம்மண்ணில் வேலை தொடங்கியவர்கள், முதலில் ஆஸ்திரேலிய வேல மரத்தால் நிழல் உண்டாக்கி, மண்வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தி, பிறகே அந்த உள்ளூர் மரங்களைக் கொண்டுவந்தார்கள். பொறுமை அதில் பாதி வேலை.

பழைய வகைகள் குறைவாக விளைகின்றன. அவற்றை ஏன் காப்பாற்ற வேண்டும்?

1970-களின் தொடக்கத்தில் ஆசிய நெல் வயல்களைப் புல்தழைக் குட்டை நோய் என்னும் நச்சுயிரி நோய் தாக்கியது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன்னிடமிருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தபோது, நோயைத் தாங்கும் தன்மை உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரு காட்டுநெல் மாதிரியில் மட்டுமே கிடைத்தது. களையாகப் பிடுங்கி எறியப்பட வேண்டிய அந்த நெல்லின் தன்மையை உள்வாங்கிப் பிறந்த ஐ.ஆர். 36, 1976-இல் வெளியாகிக் கோடிக்கணக்கானோருக்குச் சோறு போட்டது.

நம் காட்டுயானம் வெள்ளத்தில் நிற்கும். குழியடிச்சான் உவர் நிலத்திலும் வறட்சியிலும் தாங்கும். நெல் ஜெயராமன் 2018-இல் மறையும் வரை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைத் தேடித் திரட்டி, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாக்களில் உழவர்களிடம் கொடுத்து, திரும்பப் பெற்று, மீண்டும் கொடுத்தார். விதை அப்படிக் கைமாறினால்தான் உயிரோடு இருக்கும். கொல்லிமலையில் கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை, மல்லியச்சாமை என்று வெவ்வேறு காலத்தில் விளையும் சாமைகள் இருந்தன. மரவள்ளி பரவியபோது அவை ஒதுங்கின. எல்லா நிலத்தையும் பழைய வகைக்கு மாற்றச் சொல்லவில்லை. நல்ல விளைச்சல் தரும் வகையோடு பத்து சென்டில் ஒரு பழைய வகையை விதைக்காக வைத்திருங்கள்.

ஆள் கிடைக்காத காலத்தில் இதெல்லாம் நடக்குமா?

இதுவே மிகக் கடினமான கேள்வி. கலப்புப் பயிரில் களையெடுப்பும் அறுவடையும் கையால்தான் பெரும்பாலும் நடக்க வேண்டும். அறுவடை இயந்திரம் இரண்டு பயிரைப் பிரித்தறியாது. காவிரிப் படுகையிலேயே நெல்லறுக்கும் இயந்திரத்தின் சக்கரம், முன்கூட்டித் தெளித்த உளுந்து முளைகளை நசுக்கிவிடுகிறது என்பதால் அந்த வழக்கத்தைக் கைவிட்டவர்கள் பலர். விற்பனையிலும் சிக்கல் உண்டு; பத்து மூட்டை துவரைக்கு வியாபாரி வீட்டு வாசலுக்கு வர மாட்டார்.

எனவே விதையை ஒன்றாகக் கலந்து தெளிப்பதைவிட, இயந்திரம் போகும் அகலத்துக்குப் பட்டை பட்டையாக நடுவது இன்றைய நிலைக்குப் பொருந்தும். நான்கு வரிசை மக்காச்சோளம், நான்கு வரிசை உளுந்து என்று போட்டால் இரண்டையும் தனித்தனியே கையாளலாம். அதுவும் முடியாதவர்களுக்கு வரப்பும் வேலியும் பயிர்ச் சுழற்சியும் இருக்கின்றன. வரப்பு மரத்தால் அருகிலுள்ள பயிர் குன்றுவது உண்மை. மரத்திலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி ஒரு சிறு அகழி எடுத்து மேல்வேரைத் துண்டிப்பதும், பட்டத்துக்கு ஒருமுறை கிளை கழிப்பதும் அதைக் குறைக்கும். வயல் வரப்பில் தைலமரம் வேண்டாம்.

இரண்டு ஏக்கர் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதல் ஆண்டு பயிரை மாற்ற வேண்டாம். ஆடிப்பட்டத்துக்கு முன் கிடைக்கும் கோடை மழையில் அரை ஏக்கரில் மட்டும் பல தானிய விதைப்பு செய்யுங்கள். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிச் சென்ற முறை இது: சோளம், கம்பு, தினை போன்ற தானியங்கள், உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு போன்ற பயறுகள், எள், ஆமணக்கு, சூரியகாந்தி போன்ற எண்ணெய் வித்துகள், சணப்பை, தக்கைப்பூண்டு, கொள்ளு, கடுகு, கொத்தமல்லி, வெந்தயம். ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ என்ற கணக்கில் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில், அதாவது 50 நாள் அளவில், மடக்கி உழுதுவிடுங்கள். சில வாரம் கழித்து அந்த மண்ணையும் பக்கத்து மண்ணையும் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். நிறமும் மணமும் உதிர்வும் வேறுபடுவது கைக்கே தெரியும்.

அதே மழையில் வேலியோரம் கிளுவை, கிளைரிசிடியா, அகத்தி, முருங்கை ஆகியவற்றின் குச்சியோ விதையோ ஊன்றிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு முக்கியப் பயிரில் ஊடுபயிர் ஒன்று மட்டும். எது என்பதை உங்கள் ஊர்ச் சந்தையில் சில்லறையாக விலை போவதை வைத்து முடிவு செய்யுங்கள். நீண்டகால மரங்களை மூன்றாம் ஆண்டு நடலாம். அதற்குள் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எங்கே மண் ஆழமில்லை, எந்தப் பக்கத்துக் காற்று பயிரைச் சாய்க்கிறது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மரத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். வரவையும் செலவையும் பயிர்வாரியாக அல்லாமல் ஏக்கர்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் எதை விடுவது, எதைக் கூட்டுவது என்பதற்கு அந்த நோட்டையே பார்த்துக்கொள்ளலாம்.